மூன்றாம் அத்தியாயம்: கேட்கத் தக்கவர் யார்?

அயல்நாட்டுப் படிப்புக்கு நிதி தேடுகிற இளைஞர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வரும்போது, நாற்காலியில் அமர்ந்தும் அமராமலும் பையிலிருந்து மதிப்பெண் பட்டியலை உருவி மேஜைமேல் விரித்து, "சார், எழுபத்தெட்டு பர்சென்ட் இருக்கு, எராஸ்மஸுக்கு அப்ளை பண்ணலாமா?" என்று பேச்சைத் தொடங்குவதுதான் வழக்கம். கேள்வியில் பிழை இல்லை, வரிசையில்தான் பிழை. மதிப்பெண்ணைப் பற்றிய விசாரணை கடைசியில் வருவது. அதற்கு முன்னால், இந்தப் பிள்ளையின் தேசம் எந்தப் பட்டியலில் இருக்கிறது, இவன் படிக்கும் கலாசாலைக்கு என்ன அந்தஸ்து, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த நிதியைக் கேட்க வேண்டியவன் இவன்தானா அல்லது இவனுக்காக வேறொருவரா என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. நம் ஊர் ரேஷன் கடையில் பையை நீட்டுகிறவரிடம் பசி எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. கார்டு இந்தக் கடையைச் சேர்ந்ததா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். தகுதி என்று நிதி ஸ்தாபனங்கள் பேசுவது இந்தக் கார்டு விஷயத்தைத்தான். திறமையைப் பற்றிய பேச்சு தேர்வு என்ற வேறொரு அறையில், வேறு ஆட்களால், பின்னர் நடப்பது.

உலகத்தில் இத்தகைய நிதிகள் பல இருந்தாலும், இந்த அத்தியாயத்தில் ஐரோப்பிய யூனியனின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அதன் நிபந்தனைகள் அனைத்தும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் 'திட்ட வழிகாட்டி' என்ற ஒரே புத்தகத்தில் அடங்கியிருப்பது ஒரு காரணம். நாடு, ஸ்தாபனம், ஆள் என்று தகுதியை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கும் அதன் அமைப்பை ஒருமுறை நன்றாகப் புரிந்துகொண்டவருக்கு மற்ற நிதிகளின் நிபந்தனைகளும் எளிதில் பிடிபட்டுவிடும் என்பது மற்றொரு காரணம். 1987 ஜூன் 15 அன்று பிறந்து, முதல் வருஷத்தில் 11 நாடுகளுக்குள் 3,244 மாணாக்கரை மட்டும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பிய சிறு ஏற்பாடு, 2014-ல் பல தனித்தனித் திட்டங்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு, 2021 முதல் 2027 வரையிலான காலத்துக்கு ஏறக்குறைய 2,620 கோடி யூரோ மதிப்புள்ள பெரிய ஏற்பாடாக வளர்ந்திருக்கிறது. மேற்சொன்ன புத்தகம் பல நூறு பக்கம் நீளுமாயினும் அதைக் கண்டு மலைக்க வேண்டாம். ஏ பகுதியில் நாடுகளின் பட்டியல், பி பகுதியில் ஒவ்வொரு நடவடிக்கையின் கீழும் அதற்குரிய தகுதி நிபந்தனைகள், சி பகுதியில் விண்ணப்பிக்கும் முறையும் பண விவகாரமும்: இவ்வளவுதான் அதன் உடற்கூறு. பி பகுதியில் தம்முடைய நடவடிக்கைக்குரிய நாலைந்து பக்கங்களை வரிவரியாகப் படித்தவர், மற்றதையெல்லாம் புரட்டிப் பார்த்தாலே போதும்.

முதற்கதவு நாட்டினுடையது. யூனியனின் 27 உறுப்பு நாடுகளோடு, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், நார்வே, வட மாசிடோனியா, செர்பியா, துருக்கி ஆகிய ஆறும் சந்தா செலுத்தித் திட்டத்தோடு இணைந்த நாடுகளாக உள்ளே இருக்கின்றன. மற்ற நாடுகளையெல்லாம் 'இணையாத மூன்றாம் நாடுகள்' என்று புத்தகம் குறிப்பிடுகிறது. இந்தச் சொல்லைப் பார்த்து முகம் சுளித்த ஒரு பேராசிரியரை நான் அறிவேன். ஏழை நாடு என்று இகழ்கிறார்களோ என்று அவர் நினைத்துவிட்டார். அப்படியொன்றும் இல்லை. பத்திரத்தில் கையெழுத்திட்ட இருவரைத் தவிர்த்த எவரையும் நாம் மூன்றாம் மனிதர் என்று சொல்வதில்லையா, அந்த அர்த்தம்தான். அமெரிக்காவும் கனடாவும்கூட அந்த வகையிலேயே சேர்கின்றன. இந்த மூன்றாம் நாடுகளைப் பதினான்கு பிராந்தியங்களாக வகுத்திருக்கிறார்கள். இந்தியா, இலங்கை, நேபாளம், மலேசியா முதலியவை ஐந்தாம் பிராந்தியமாகிய ஆசியாவில் வருகின்றன. ஆகையால் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிக்க எண்ணுகிறவர், வழிகாட்டியில் 'ஐந்தாம் பிராந்தியம்' என்ற சொற்கள் எங்கெங்கு வருகின்றனவோ அங்கெல்லாம் பென்சிலால் கோடிட்டுக்கொள்வது நல்லது.

நாட்டின் தகுதி சாசுவதமானதென்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவின் நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும் சுவிட்சர்லாந்து, 2014 பிப்ரவரி 9 அன்று நடந்த வாக்கெடுப்பில் குடியேற்றத்துக்கு வரம்பு வேண்டுமென்று அதன் ஜனங்கள் தீர்மானித்ததன் விளைவாக, புதிய உறுப்பினரான குரோவேஷியாவின் பிரஜைகளுக்குத் தாராள நடமாட்டத்தை விரிவாக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாமற்போக, அந்த வருஷமே எராஸ்மஸ் வாசலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. அதன்பின் தன் மாணாக்கர் வெளியே போகவும் பிறர் மாணாக்கர் உள்ளே வரவும் ஆகும் இரண்டு செலவையும் தன் கஜானாவிலிருந்தே கொடுத்து ஒரு பதில் திட்டத்தை நடத்தி வந்தது. யூனியனிலிருந்து விலகிய பிரிட்டனும் 2020 இறுதியோடு எராஸ்மஸை விட்டு, டூரிங் திட்டம் என்று தனக்கென ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. இரு நாடுகளும் பின்னர் மீண்டும் உள்ளே வரும் வழியை நாடின என்பது வேறு கதை. நமக்கு இதில் உள்ள பாடம் சிறியது: நண்பர் அனுப்பிய சென்ற வருஷத்துப் பட்டியலை நம்பிக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்காமல், விண்ணப்பிக்கும் வருஷத்துப் புத்தகத்தையே பார்க்க வேண்டும்.

இரண்டாம் கதவாகிய ஸ்தாபனத்தின் தகுதியில்தான் அதிகமானவர் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே இங்கே சற்றுத் தங்கி நிற்போம். உறுப்பு நாட்டிலும் இணைந்த நாட்டிலும் உள்ள உயர்கல்வி ஸ்தாபனம் எதுவாயினும், 'உயர்கல்விக்கான எராஸ்மஸ் சாசனம்' என்ற அங்கீகாரத்தைப் பெற்றிருந்தாலொழிய மாணவர் பரிவர்த்தனையில் கலந்துகொள்ள முடியாது. ஐரோப்பாவில் இருப்பதும் பெயரில் 'யூனிவர்சிட்டி' இருப்பதும் போதாது. சாசனம் இருந்துங்கூடச் சில சமயம் போதாமற்போகும் என்பதற்கு ஹங்கேரி உதாரணம். பொதுநல அறக்கட்டளைகளின் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்ட அந்நாட்டுச் சர்வகலாசாலைகள் 21, அந்த அறக்கட்டளைகளோடு புதிய பொறுப்பு எதையும் ஏற்கலாகாதென்று யூனியனின் மந்திரி சபை 2022 டிசம்பரில் செய்த முடிவினால், நாடு உறுப்பு நாடாக இருந்தபோதிலும் புதிய நிதிக்கு அபாத்திரமாயின. நாடும் ஸ்தாபனமும் தனித்தனிக் கதவுகள் என்று நான் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கலாசாலைகளுக்கு அந்தச் சாசனம் கிடையாது. அதை அவற்றிடம் கேட்கவும் மாட்டார்கள். அதற்குப் பதிலாக இரண்டு விஷயம் வேண்டும். தம் நாட்டின் உரிய அதிகாரிகளால் உயர்கல்வி ஸ்தாபனமென்று அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பியக் கலாசாலையோடு, ஒரு மாணாக்கர்கூடப் புறப்படுவதற்கு முன்பே, ஸ்தாபனங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தைச் செய்திருக்க வேண்டும். சாசனத்தின் கோட்பாடுகளை அந்த ஒப்பந்தத்தின் வாயிலாகவே நாம் ஏற்கிறோம். அங்கீகாரம் என்ற சொல் எளிதாகத் தோன்றினும், தமிழ்நாட்டுக் கல்லூரி நிர்வாகத்தின் அமைப்பை அறிந்தவருக்கு அதன் சிக்கல் தெரியும். சர்வகலாசாலை மானியக் குழுச் சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின் கீழ் இடம்பெற்ற கல்லூரியானாலும், அது இணைப்புக் கல்லூரியாயின் பட்டம் கொடுப்பது கல்லூரி அல்ல, சர்வகலாசாலை. பாடத்திட்டம் அதனுடையது, வெளிநாட்டில் படித்த பாடத்தின் மதிப்பை ஏற்றுக்கொள்ளும் அதிகாரமும் அதனுடையதே. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டு வாக்களித்துவிட்டால், மாணவி திரும்பி வந்தபின் 'இந்தப் பாடத்தை ஏற்க எங்களுக்கு விதி இல்லை' என்று பரீட்சை அலுவலகம் கையை விரிக்கக்கூடும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்த இடர் குறைவு. என்றாலும் கல்விக் குழுவில் தீர்மானம் இயற்றிவைப்பது உத்தமம்.

சட்டப்படி ஸ்தாபனம் யார் என்பது இதைவிட நுட்பமான விஷயம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன் தென் மாவட்டத்துக் கல்லூரியொன்று, ஐரோப்பியக் கூட்டாளிகள் சிலரும் ஆசியக் கூட்டாளிகள் சிலரும் சேர்ந்து எழுதிய கூட்டு விண்ணப்பத்தில் பங்காளியாக இருந்தது. காகிதங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல்வர் தம் அறையில் மின்விசிறியின் கீழே காகிதம் பறக்காமலிருக்கக் கண்ணாடிக் குண்டை வைத்து, அதிகாரமளிப்புக் கடிதத்தில் நீல மையில் அழகாகக் கையெழுத்திட்டார். குமாஸ்தா வட்ட முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு தடவை ஒற்றி, பெயரெழுத்து சிதையாமல் பதித்தார். எல்லாம் முறையாக நடந்ததென்று நானும் காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஐரோப்பிய அமைப்பில் ஸ்தாபனத்தைப் பதிவு செய்திருந்ததோ கல்லூரியின் பெயரில் அல்ல, அதை நடத்தும் சங்கத்தின் பெயரில். சட்டப்படி கையெழுத்திட வேண்டியவர் முதல்வரல்லர், தாளாளர். தாளாளரோ மகள் கலியாணத்துக்காக வேறூர் போயிருந்தார். "முத்திரைப் பெயர் ஒன்று, பதிவுப் பெயர் ஒன்றாக இருக்கிறதே" என்று அங்கிருந்து கடிதம் வந்தபோது அவகாசம் கடந்துவிட்டது. கல்லூரியைப் பங்காளிகளின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கேடு அத்தோடு நிற்கவில்லை: இந்த வகைத் திட்டத்தில் இணையாத நாடுகளின் உயர்கல்வி ஸ்தாபனங்களின் எண்ணிக்கை, ஐரோப்பியப் பக்கத்தினதைவிடக் குறையக் கூடாதென்பது தகுதி நிபந்தனை. நம் பக்கம் ஒன்று குறைந்ததும், ஒரு குற்றமும் செய்யாத ஐரோப்பியக் கலாசாலை ஒன்றும் வெளியேற வேண்டியதாயிற்று. பாதிப் பிழை என்னுடையது. முத்திரையை வியந்து பார்த்த கண், அதிலிருந்த பெயரை வாசித்திருக்க வேண்டும்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதலில் கேட்பது மூன்று காகிதங்களைத்தான்: சங்கம் அல்லது அறக்கட்டளையின் பதிவுச் சான்று, சர்வகலாசாலை இணைப்பாணை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதிவு எண்ணும் இரு வகை என்பதை மறக்க வேண்டாம். அந்தந்த ஐரோப்பிய நாட்டுத் தேசிய முகமைகளின் வழியாக நடப்பவற்றுக்கு 'ஓஐடி' என்ற எண். பிரஸ்ஸல்ஸிலுள்ள ஐரோப்பியக் கல்வி, பண்பாட்டு நிர்வாக முகமையே நேரில் நடத்துபவற்றுக்கு 'பிக்' என்று அழைக்கப்படும் ஒன்பது இலக்க எண். ஒன்று இருப்பதால் மற்றொன்று இருப்பதாகாது. ஒரே கல்லூரியில் இரண்டு துறைகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு 'பிக்' எண் வாங்கிவைத்திருந்ததையும் கண்டிருக்கிறேன். அதைச் சீர்செய்வது கலியாணப் பதிவில் பெயர் திருத்துவதைவிடச் சிரமம்.

இனி, யார் கேட்பது என்ற கேள்விக்கு வருவோம். எராஸ்மஸ் என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றிலும் கேட்கத் தக்கவர் வேறு. நம் பிள்ளைகள் ஒரு பருவமோ ஒரு வருஷமோ ஐரோப்பாவில் படித்துவிட்டுத் திரும்பி வந்து சொந்தக் கல்லூரியிலேயே பட்டம் வாங்கும் சர்வதேசப் பரிவர்த்தனை முதல் வாசல். இதில் விண்ணப்பிக்கக் கூடியது உறுப்பு நாட்டிலோ இணைந்த நாட்டிலோ உள்ள கலாசாலை மட்டுமே; அது தன் நாட்டுத் தேசிய முகமையிடம் கேட்கிறது. நம் கல்லூரி கேட்க முடியாது, பங்காளியாகத்தான் இருக்கலாம். மாணாக்கரோ கேட்கவே முடியாது. அவர் செய்யக்கூடியது, தம் கல்லூரிக்கு அப்படியொரு பங்காளி உண்டா, அந்தப் பங்காளிக்கு இந்த வருஷம் நிதி கிடைத்ததா, தம் துறை அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று விசாரித்து, இருக்குமானால் கல்லூரி நடத்தும் தேர்வில் பெயர் கொடுப்பதுதான். மேஜைமேல் மதிப்பெண் பட்டியலை விரித்த இளைஞரிடம் நான் இதைச் சொல்லும்போது, அவர் முகம் வாடுவதைப் பார்த்து எனக்கே வருத்தமாயிருக்கும். எனினும், இல்லாத வாசலில் ஆறு மாதம் காத்திருப்பதைவிட, உள்ள வாசல் எதுவென்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்வது அவருக்கு இலாபந்தானே.

இரண்டாம் வாசல், கலாசாலைகள் சேர்ந்து பாடத்திட்டத்தையும் நிர்வாகத்தையும் சீர்திருத்தும் 'திறன் வளர்ப்பு' ஏற்பாடு. இங்கே நிலைமை தலைகீழ்: நம்மவர் பங்காளியாக மட்டுமன்றி, முன்னின்று விண்ணப்பிக்கும் தலைமை ஸ்தாபனமாகவும் இருக்கலாம். இதற்குள் மூன்று வகை. அனுபவம் குறைந்த கலாசாலைகளுக்கென்ற முதல் வகைக்கு 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் யூரோ வரை. பெரிய பங்காளிக் கூட்டத்துக்கான இரண்டாம் வகைக்கு 4 முதல் 8 லட்சம். ஒரு நாட்டின் கல்வி அமைப்பையே தொடும் மூன்றாம் வகைக்கு 6 முதல் 10 லட்சம். கடைசி வகையில் உயர்கல்விக்குப் பொறுப்பான அரசாங்க இலாகாவும் பங்குகொள்ள வேண்டுமென்பதால், கோப்பு கோட்டைக்குப் போய்த் திரும்புவதற்கான கால அளவையும் கணக்கில் வைக்க வேண்டும். முதன்முறை வருகிற கல்லூரி முதல் வகையிலேயே தொடங்குவது விவேகம் என்பது என் அபிப்பிராயம். தொகை சிறிதென்று நினைத்து இரண்டாம் வகைக்குத் தாவினவர்கள், கணக்கு எழுத ஆளில்லாமல் திண்டாடியதை அறிவேன்.

மூன்றாம் வாசலே தனி ஆளுக்கு உரியது. எராஸ்மஸ் முண்டஸ் என்ற கூட்டு முதுநிலைப் படிப்புகளில், மூன்று வெவ்வேறு நாடுகளிலுள்ள குறைந்தது மூன்று கலாசாலைகள் சேர்ந்து ஒரே படிப்பை நடத்துகின்றன. அவற்றில் குறைந்தது இரண்டு, உறுப்பு அல்லது இணைந்த நாட்டினவாக இருக்க வேண்டும். இங்கே மாணாக்கர் தம் கல்லூரியை எதிர்பாராமல், அந்தந்தப் படிப்பை நடத்தும் கூட்டணிக்கே நேராக விண்ணப்பிக்கலாம். இந்தியர்கள் இந்த உபகாரச் சம்பளத்தை ஏராளமாகப் பெற்று வருகிறார்கள். மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். படிப்புக் கட்டணம் தனியே வசூலிப்பதில்லை. பிரயாணச் செலவு மாதத் தொகைக்குள்ளேயே அடங்கும். முதற்பட்டம் பெற்றவரோ அதற்கு நிகரான கல்வித் தரம் உடையவரென்று அங்கீகரிக்கப்பட்டவரோ விண்ணப்பிக்கலாம். நம்முடைய மூன்று வருஷப் பட்டமும் பெரும்பாலும் ஏற்கப்படும், ஆயினும் குறிப்பிட்ட பாடங்களை வற்புறுத்தும் உரிமை ஒவ்வொரு கூட்டணிக்கும் உண்டு. முன்பே ஒருமுறை இந்த உபகாரச் சம்பளத்தைப் பெற்றவர் மறுபடி பெற முடியாது. இன்னொரு நிபந்தனை நம்மவரைப் பாதிப்பது: ஒரு திட்டத்தின் ஆயுட்காலம் முழுவதிலும் கொடுக்கப்படும் மொத்த உபகாரச் சம்பளங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தேசத்தவருக்குப் போகக் கூடாது. ஆகையால் இந்திய விண்ணப்பதாரர் போட்டியிடுவது உலகத்தோடு என்று தோன்றினாலும், நடைமுறையில் மற்ற இந்தியரோடுதான். பெயர்பெற்ற படிப்பையே எல்லாரும் மொய்க்கும்போது, அவ்வளவு பிரசித்தமில்லாத, ஆனால் தம் துறைக்குப் பொருத்தமான படிப்பைத் தேடுவது இந்தக் கணக்கை அறிந்தவர் செய்யும் காரியம்.

முதல் வாசலின் ஆள் தகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணாக்கர் பட்டத்துக்கோ அதற்கு நிகரான சான்றுக்கோ முறையாகப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். படிப்புக்காகப் போவது இரண்டு மாதத்துக்குக் குறையாமலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமலும் இருக்கும். அந்தப் பன்னிரண்டு மாதம் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி என்ற ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே உண்டு, ஆகவே இளநிலையில் ஒரு பருவம் போய் வந்தவர் முதுநிலையில் போக முடியாதென்று நினைக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுப்பது அனுப்பும் கலாசாலை. கல்வித் திறமையே முதல் அளவுகோல்; திறமை சமமாயிருக்கும்போது வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும், எப்படித் தேர்ந்தார்கள் என்பதற்குக் குறிப்பும் வைத்திருக்க வேண்டும். வரவேற்கும் கலாசாலை படிப்பு, பரீட்சை, ஆய்வுக்கூடம், நூலகம் எதற்கும் கட்டணம் கேட்கலாகாது. ஆசிரியரானால் ஐந்து நாளிலிருந்து இரண்டு மாதம் வரை போகலாம், பாடம் நடத்தப் போகிறவர் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது நடத்த வேண்டும். பிரயாணத் தொகையை டிக்கெட்டைப் பார்த்துக் கொடுப்பதில்லை. நேர்கோட்டுத் தூரத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். சென்னையிலிருந்து பெர்லின் சுமார் 7,300 கி.மீ.; லிஸ்பன் 9,000-க்குச் சற்று மேல். 8,000 கி.மீ. என்ற எல்லை இரண்டுக்கும் நடுவே ஓடுவதால், இரண்டு மாணாக்கருக்கும் வெவ்வேறு தொகை. ஒரு வழித் தூரமே கணக்கிடப்படும், தொகையோ போகவும் வரவும் சேர்த்தது என்பதை அறியாமல், பாதிதான் கொடுத்தார்கள் என்று புகார் எழுதினவர் உண்டு.

தகுதி நிபந்தனைகளுக்குள் கடினமானது எதுவென்று கேட்டால், பணத்தையோ பட்டத்தையோ சொல்லமாட்டேன். திரும்பி வந்தபின் படிப்பை ஏற்பது என்பேன். அதற்குச் சரித்திர நியாயமும் உண்டு. இத்தாலியைச் சேர்ந்த சோஃபியா கொராதி என்ற மாது, நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையில் முதுநிலைப் பட்டம் பெற்று 1958-ல் ரோமாபுரிக்குத் திரும்பியபோது, அங்கே அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்தார்கள். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. வெளியே படித்ததைச் சொந்தக் கலாசாலை ஏற்க வேண்டுமென்று 1969-ல் ஒரு குறிப்பு எழுதி, அதன்பின் பல வருஷங்கள் அதிகாரிகளின் வாசல்தோறும் அலைந்து வாதாடினார். எராஸ்மஸின் தாய் என்று இத்தாலியர் அவரை அழைப்பது அதனால்தான். அந்தத் திட்டத்தின் வேரிலேயே இருப்பது இந்தக் குறை. ஆகவே மாணாக்கர், அனுப்பும் கலாசாலை, வரவேற்கும் கலாசாலை ஆகிய மூவரும் கையெழுத்திடும் 'லேர்னிங் அக்ரிமெண்ட்' இல்லாமல் எவரும் புறப்பட முடியாது.

அந்தக் காகிதத்தில் எண்கள் இரண்டு மொழியில் பேசும். ஐரோப்பிய முறையில் ஒரு வருஷப் படிப்புக்கு 60 மதிப்பலகு, அதாவது கிரெடிட். ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 2023-ல் வந்த நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பிலோ, வருஷத்துக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். ஒரு பருவத்துக்கு அங்கே 30, இங்கே 20. மணிக்கணக்கை ஒட்டி ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினால் நம் பெண் கூடுதலாகப் படித்தவளாகிவிடுவாள். வருஷத்தை வருஷத்தோடு ஒட்டி மூன்றுக்கு இரண்டு என்று மாற்றினால் கணக்கு நேராகும். எந்த முறையானாலும், போவதற்கு முன்பே பரீட்சைக் கட்டுப்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். 'வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற வார்த்தையை நம்பிப் போன ஒரு மாணவி, போர்ச்சுகலில் தேறிய நான்கு பாடங்களையும் மறுபடி இங்கே அரியர் மாதிரி எழுதியதை நேரில் கண்டவன் நான்.

வீட்டுக்குள்ளும் சில கதவுகள் உண்டு. வெளிநாட்டோடு சேர்ந்து கூட்டுப் பட்டம் கொடுக்க விரும்பும் இந்திய ஸ்தாபனம், சர்வகலாசாலை மானியக் குழுவின் 2022-ஆம் வருஷத்து ஒழுங்குவிதிகளைப் பார்க்க வேண்டும். தனி அனுமதியின்றிச் செய்வதற்கு, தரமதிப்பீட்டில் 3.01 புள்ளியோ, தேசியத் தரவரிசையின் சர்வகலாசாலைப் பட்டியலில் முதல் நூறுக்குள் இடமோ அதுபோன்ற தகுதியோ வேண்டும். அறக்கட்டளை நடத்தும் கல்லூரிக்கு அயல்நாட்டிலிருந்து நேராகப் பணம் வருமானால், அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தொடுமா என்பதை ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே தணிக்கையாளரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். பின்னால் கேட்பதில் பயனில்லை.

கடைசியாகக் காலம். முதல் வாசலுக்கு ஐரோப்பியக் கலாசாலை விண்ணப்பிப்பது பெரும்பாலும் பிப்ரவரியில். திட்டம் தொடங்குவது ஆகஸ்டு முதல் தேதி. ஆயுள் 24 அல்லது 36 மாதம். ஆகவே நம் கல்லூரி தன் பங்காளியின் சர்வதேச அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியது அதற்கு முந்தின செப்டம்பர், அக்டோபரில். அந்தக் கடிதத்தின் பலனை அனுபவிக்கப்போகும் மாணாக்கர் அப்போது முதலாண்டு வகுப்பில் இருப்பார். அவகாசம் முடியும் நேரமோ எப்போதும் பிரஸ்ஸல்ஸ் நேரம். தேசிய முகமைக்கு நண்பகல் 12 மணி, பிரஸ்ஸல்ஸ் முகமைக்கு மாலை 5 மணி. பிப்ரவரியில் அவை நமக்கும் இலங்கைக்கும் முறையே மாலை 4.30, இரவு 9.30. ஒரு நிமிஷம் பிந்தினாலும் தகுதியைப் பற்றிய விசாரணையே நடவாது, காகிதம் திறக்கப்படாமலே போகும். பிரஸ்ஸல்ஸ் முகமையின் அமைப்பில், அவகாசம் முடியும்வரை விண்ணப்பத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி மறுபடி செலுத்தலாம், கடைசியாகச் சேர்ந்த பிரதிதான் கணக்கு என்பதால், முந்தின நாளே முழுப் பிரதி ஒன்றைச் செலுத்திவிட்டு, மறுநாள் காலை நிதானமாக உட்கார்ந்து தாளாளரின் பெயரையும் முத்திரையையும் இன்னொரு தடவை வாசித்துப் பார்க்கலாம்.